பச்சை விளக்கு எரிந்தும் பெக்ஸ் போகாதது ஏன்: ஈ1 போர்ட்டும் கிளாக்கும்

போனில் பேசினால் எல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது, பெக்ஸ் மட்டும் இரண்டாம் பக்கத்தில் அறுந்துபோகிறது. கடன் அட்டை மெஷின் ஒரு நேரம் போகிறது, ஒரு நேரம் சுற்றிக்கொண்டே நிற்கிறது. கட்டடத்தின் கோல்களை மாற்றிவிடும் பெட்டியான பிஏபிஎக்ஸ் இருக்கும் அறைக்குப் போய்ப் பார்த்தால், எக்ஸ்சேஞ்ச் லைன் வந்து சேரும் ஈ1 போர்ட்டில் பச்சை விளக்கு அசையாமல் எரிகிறது. மலையகத்தில் ஹோட்டல், ஆஸ்பத்திரி, தோட்ட ஒபிஸ் என்று எங்காவது டெலிபோன் சிஸ்டத்தைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருக்கிறவர்களுக்கு இந்த முறைப்பாடு புதிதில்லை. பழி முதலில் மழைக்கும் பனிமூட்டத்துக்கும் போகும், அப்புறம் லைன் தந்த கொம்பனிக்கு. ஆனால் பல நேரங்களில் காரணம் நம் பெட்டிக்குள்ளேயே ஒற்றை வரியில் உட்கார்ந்திருக்கிறது: கிளாக்கை, அதாவது பிட்டுகளை ஒரே வேகத்தில் ஓட்டும் நேரத் துடிப்பை, எங்கிருந்து எடுக்க வேண்டும் என்கிற வரி.

அந்த வரி ஏன் இவ்வளவு பாடுபடுத்துகிறது என்று விளங்க வேண்டுமானால் ஈ1க்குள் என்ன ஓடுகிறது என்பதைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். குரலை வினாடிக்கு 8000 தடவை அளந்து, ஒவ்வோர் அளவையும் 8 பிட்டாக எழுதினால் 64 கிலோபிட். இப்படி 32 ஓடைகளை மாறிமாறிக் கோத்து ஒரே கம்பியில் விட்டால் 2.048 மெகாபிட், அதுதான் ஈ1. ஒவ்வோர் ஓடைக்கும் உரிய இடம் ஒரு டைம்ஸ்லொட், அவற்றுக்கு 0 முதல் 31 வரை இலக்கம். 32 இடமும் ஒரு சுற்று வந்தால் ஒரு பிரேம். 0ஆவது, பிரேம் எங்கே தொடங்குகிறது என்று காட்டுவதற்கு. 16ஆவது, வழக்கமாகச் சிக்னலிங்குக்கு, அதாவது கோலைத் தொடங்கி முடிக்கும் தகவலுக்கு. மிச்சமுள்ள 30இல் பேச்சு. ஒரு பிரேம் 256 பிட், அது கடந்துபோக 125 மைக்ரோ வினாடி. (இந்த 125 பின்னால் திரும்ப வரும்.) வட அமெரிக்காவில் இதே வேலையை டி1 செய்கிறது, அதில் 24 சேனல், 1.544 மெகாபிட், குரலை எண்ணாக்கும் முறையும் வேறு: அங்கே மியூ-லோ, நம் பக்கம் ஏ-லோ. கொழும்பில் பழைய கார்ட் ஒன்றை மலிவாக வாங்கி வருகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டியது அது டி1இல் நிற்கிறதா, ஈ1இல் நிற்கிறதா என்பதைத்தான். சில கார்டில் ஜம்பர், சிலதில் சொப்ட்வெயர் செட்டிங்.

இப்போது வேலைக்கு வரும் பிள்ளைகள் எல்லோரும் ஈதர்நெட்டில் வளர்ந்தவர்கள். ஈதர்நெட் போர்ட் ரொம்ப மரியாதையானது. கேபிளைக் குத்தியதும் இரண்டு பக்கமும் தாங்களே பேசி வேகத்தை முடிவு செய்துகொள்ளும், கேபிள் நேரா குறுக்கா என்பதைக்கூடப் பல சுவிட்சுகள் தாங்களே சமாளித்துக்கொள்ளும், அனுப்ப ஒன்றும் இல்லாவிட்டால் சும்மா இருக்கும். ஈ1 அப்படி இல்லை. யாரும் பேசாத நடுச்சாமத்திலும் வினாடிக்கு 2,048,000 பிட் போய்க்கொண்டே இருக்க வேண்டும், வந்துகொண்டே இருக்க வேண்டும். மற்றப் பக்கத்தோடு பேசி எதையும் முடிவு செய்துகொள்ளத் தெரியாது. ஆகவே ஈ1 போர்ட்டை அமைப்பது என்றால், எக்ஸ்சேஞ்சில் இருப்பவர் போட்டிருப்பதை நாமும் அப்படியே போடுவது. நம் இஷ்டத்துக்கு "நல்ல" செட்டிங் என்று ஒன்று கிடையாது.

கம்பிச் சமாச்சாரத்தைச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம். ஈ1 இரண்டு விதமான கேபிளில் வரும்: 75 ஓம் கோஎக்ஸ், அல்லது 120 ஓம் முறுக்குச் சோடி. எக்ஸ்சேஞ்ச் ராக்கில் கோஎக்ஸ், நம் பெட்டியில் ஆர்ஜே45 என்றால் நடுவில் பலூன் என்கிற சின்ன மாற்றி வேண்டும். ஆர்ஜே45இல் 1, 2ஆம் பின் ஒரு சோடி, 4, 5ஆம் பின் மற்றச் சோடி, ஒன்று அனுப்ப, ஒன்று வாங்க. குறுக்குக் கேபிள் தேவைப்பட்டால் 1ஐ 4க்கும் 2ஐ 5க்கும் மாற்றிக் கட்ட வேண்டும். ஈதர்நெட் குறுக்குக் கேபிள் மாற்றுவது வேறு பின்களை, அது இங்கே உதவாது, இருந்தும் பையில் இருக்கிறதே என்று அதைக் குத்திப் பார்க்காத ஆள் இல்லை. அதே 1-4, 2-5ஐ ஒரே பிளக்கில் சுருக்கிக் கட்டினால் லூப் பிளக் கிடைக்கும். அதைப் போர்ட்டில் குத்தி விளக்கு பச்சையானால் கார்ட் உயிரோடு இருக்கிறது என்று அர்த்தம், கோளாறை வெளியே தேடலாம். பத்து நிமிட வேலை, ஒரு நாள் அலைச்சலை மிச்சம் பிடிக்கும்.

அடுத்தது லைன் கோட். மெனுவில் ஏஎம்ஐ, எச்டிபி3 என்று இரண்டு இருக்கும். ஏஎம்ஐயில் 1 வந்தால் ஒரு துடிப்பு, அடுத்த 1க்கு எதிர்த் திசையில் துடிப்பு, 0க்கு ஒன்றுமில்லை. சிக்கல் அந்த "ஒன்றுமில்லை"யில்தான். வாங்குகிற பக்கம் தன் நேரத்தைச் சரிபார்ப்பதே அந்தத் துடிப்புகளை வைத்து. நீண்ட நேரம் 0 மட்டுமே வந்தால் அதற்குக் கணக்குத் தப்பிப்போகும். அதற்காகத்தான் எச்டிபி3: தொடர்ந்து நாலு 0 வந்தால் அவற்றின் இடத்தில், வேண்டுமென்றே திசை விதியை மீறிய ஒரு துடிப்பைச் செருகும், மற்றப் பக்கம் அந்த மீறலைப் பார்த்து "சரி, இது நாலு 0" என்று புரிந்துகொள்ளும். ஒரு பக்கம் எச்டிபி3, மறுபக்கம் ஏஎம்ஐ என்று கிடந்தால் என்ன ஆகும்? உடனே விழுந்துவிட்டால் நல்லது, கண்டுபிடித்துவிடலாம். ஆனால் ஏ-லோ முறையில் ஒன்றுவிட்ட பிட்டுகளைத் திருப்பிப் போட்டு அனுப்புவதால் மௌனம்கூட 0க் கூட்டமாகப் போவதில்லை. ஆகவே பேச்சு பெரும்பாலும் சமாளித்து ஓடிவிடும். 0க்கள் கூட்டமாக வரும் டேட்டா ஓடும்போதுதான் பிழை எட்டிப்பார்க்கும். விளக்கு பச்சை, பெட்டி பிழைகளை எண்ணி வைக்கும் கவுண்டரில் மட்டும் "லைன் கோட் வயலேஷன்" ஏறிக்கொண்டே போகும்.

சரி, கிளாக்.

இரண்டு பெட்டிகளிலும் ஆளுக்கொரு கிரிஸ்டல் இருக்கிறது. இரண்டும் 2.048 மெகாஹெர்ட்ஸ் என்று எழுதியிருந்தாலும் துல்லியமாக ஒன்றாக ஓடாது. பத்து லட்சத்துக்கு 50 வரை விலகலாம் என்று ஈ1 தரநிலையே இடம் கொடுக்கிறது. தோட்டத்தில் லொறியிலிருந்து கொழுந்துச் சாக்கைத் தூக்கிக் கொடுப்பவர் ஒரு வேகம், கீழே வாங்கி அடுக்குபவர் இன்னொரு வேகம், இடையில் இரண்டு சாக்கு வைக்க மட்டும் இடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். வேக வித்தியாசம் எவ்வளவு சின்னதாக இருந்தாலும் ஒரு கட்டத்தில் அந்த இடம் நிரம்பி வழியும், அல்லது வாங்குபவர் வெறுங்கையோடு நிற்பார். ஈ1 போர்ட்டில் அந்த இடத்துக்குப் பெயர் பஃபர். நிரம்பினால் ஒரு முழுப் பிரேமைத் தூக்கி எறியும், காலியானால் பழைய பிரேமையே இன்னொரு தரம் படிக்கும். இதுதான் ஸ்லிப்.

எத்தனை நேரத்துக்கு ஒருமுறை வரும் என்பது வெறும் வகுத்தல் கணக்கு. ஒரு பிரேம் 125 மைக்ரோ வினாடி. இரண்டு கிளாக்குக்கும் வித்தியாசம் பத்து லட்சத்தில் 50 என்றால் 2.5 வினாடிக்கு ஒரு ஸ்லிப். வித்தியாசம் 5 என்றால் 25 வினாடிக்கு ஒன்று. 1தான் என்றாலும் இரண்டு நிமிடத்துக்குக் கொஞ்சம் கூட, அவ்வளவுதான். ஒப்பிட்டுப் பார்க்க: டெலிகொம் கொம்பனிகளின் தலைமைக் கிளாக்குகள் 10,000 கோடியில் ஒரு பங்குக்கு மேல் விலகக்கூடாது என்று சர்வதேசத் தரநிலை சொல்கிறது, அப்படிப்பட்ட இரண்டு கிளாக்குகள் எதிரும் புதிருமாக விலகினாலும் ஒரு ஸ்லிப்புக்கு 72 நாள் ஆகும். அந்தத் தங்கமான கிளாக் நம் கம்பி வழியாகச் சும்மா வந்து இறங்குகிறது, நாம் அதை விட்டுவிட்டுப் பெட்டிக்குள் இருக்கும் கிரிஸ்டலைப் பிடித்துக்கொண்டு நிற்கிறோம்.

பேசுகிறவருக்கு ஏன் இது தெரிவதில்லை? ஒரு ஸ்லிப் என்றால் ஒவ்வொரு சேனலிலும் ஒரே ஒரு மாதிரி, 125 மைக்ரோ வினாடி ஒலி, காணாமல் போகிறது அல்லது இரட்டிக்கிறது. காதுக்கு மிஞ்சினால் ஒரு சின்ன "டிக்". பெக்ஸுக்கு அப்படியில்லை. 14,400 வேகத்தில் போகும் பெக்ஸ் 1800 ஹெர்ட்ஸ் அலை ஒன்றின் கட்டத்தையும் (அலை தன் சுற்றில் நிற்கும் இடம்) உயரத்தையும் வைத்துத்தான் தகவலைச் சுமக்கிறது. 125 மைக்ரோ வினாடி தாவினால் அந்த அலையின் கட்டம் 81 பாகை தாவுகிறது, கிட்டத்தட்ட கால் வட்டம். அந்த நொடியில் மற்றப் பக்க மோடமுக்கு எதைப் பிடிப்பது என்றே தெரியாது. ஒரு பக்கம் போக ஒரு நிமிடம் பிடித்தால், அதற்குள் இரண்டு மூன்று ஸ்லிப் வந்துவிட்டால் பக்கம் கிழிந்ததுதான். கடன் அட்டை மெஷினில் டயல்-அப் மோடம் இருந்தால் அதே கதை. பிழை திருத்தும் வசதியுள்ள பெக்ஸ் மெஷின் திரும்பத் திரும்ப அனுப்பி எப்படியோ முடித்துவிடும், அதனால் ஒரே கட்டடத்தில் மேல்மாடி பெக்ஸ் போகும், கீழ்மாடி பெக்ஸ் போகாது. பிறகு மெஷினை மாற்றுவார்கள்.

ஆகவே பொது விதி இதுதான்: எக்ஸ்சேஞ்சிலிருந்து வரும் போர்ட்டில் கிளாக்கை "லைன்" என்று வையுங்கள், வருகிற துடிப்பிலிருந்தே நேரத்தை எடுக்கட்டும். அதே பெட்டியிலிருந்து பழைய பிஏபிஎக்ஸ் ஒன்றுக்கு இன்னொரு ஈ1 போகிறதென்றால் அந்தப் போர்ட்டில் கிளாக்கைக் கொடுப்பவர் நாம், பிஏபிஎக்ஸ் பக்கம்தான் "லைன்". தண்ணீர் மேலிருந்து கீழே போவது மாதிரி ஒரே திசை என்று நினைத்துக்கொண்டு வரைந்து பார்த்தால் குழப்பம் வராது. இரண்டு பக்கமும் "லைன்" என்று போட்டுவிட்டால் அது இன்னும் மோசம்: அவன் என்னைப் பார்க்கிறான், நான் அவனைப் பார்க்கிறேன், இரண்டு பேருக்கும் ஆதாரம் இல்லை. கொஞ்ச நேரம் நன்றாக ஓடி, வேகம் மெல்ல மெல்ல நகர்ந்து, ஒரு கட்டத்தில் மொத்தமாக விழுந்து, தானே எழுந்து நிற்கும். சில நாட்களில் எல்லா லைனும் ஒன்றாகக் கட்டாகி அரை நிமிடத்தில் திரும்பி வருகிறதே, அந்தக் கோளாறுக்கு நான் முதலில் சந்தேகப்படுவது இதைத்தான்.

போர்ட்டில் "லைன்" என்று போட்டால் வேலை முடிந்தது என்றும் நினைக்கக்கூடாது. சிஸ்கோவின் பல வொய்ஸ் ரவுட்டர்களில் போர்ட் ஒரு கிளாக்கில் ஓடும், உள்ளே இருக்கும் பெட்டியின் முதுகெலும்பு இன்னொன்றில் ஓடும். "நெட்வேர்க்-கிளாக்-பார்ட்டிசிபேட்", "நெட்வேர்க்-கிளாக்-செலக்ட்" என்று இரண்டு கட்டளைகள் தனியாகக் கொடுத்தால்தான் உள்ளேயும் அதே கிளாக் போகும். ஆஸ்டெரிஸ்க் என்கிற பிஏபிஎக்ஸ் சொப்ட்வெயரைப் போட்டு ஓட்டுகிறவர்களுக்கு எல்லாம் ஒரே வரியில் இருக்கிறது, எழுத்துகளை நான் தமிழில் எழுதுகிறேன்:

ஸ்பான்=1,1,0,சிசிஎஸ்,எச்டிபி3,சிஆர்சி4

முதல் 1 போர்ட்டின் இலக்கம். இரண்டாவது 1தான் நம் விஷயம்: "இந்தப் போர்ட்டிலிருந்து கிளாக் எடு, இதற்கே முதலிடம்." அங்கே 0 என்றால் இதிலிருந்து எடுக்காதே என்று பொருள். இரண்டாவது எக்ஸ்சேஞ்ச் லைன் இருந்தால் அதற்கு 2 கொடுக்கலாம், முதல் லைன் செத்தால் அதற்குப் போகும். பிஏபிஎக்ஸ் பக்கம் போகும் போர்ட்டுக்கு 0. அடுத்த 0 கேபிள் நீளத்துக்கு. மீதி மூன்றும் சிக்னலிங் வகை, லைன் கோட், பிழைச் சோதனை. ஒரு உதாரணத்தைப் பார்த்து எல்லாப் போர்ட்டுக்கும் அந்த இடத்தில் 0 என்றே ஒட்டிவிட்டால் பெட்டி தன் சொந்தக் கிரிஸ்டலில் சந்தோஷமாக ஓடும், விளக்கு பச்சையாக எரியும்.

விளக்கை விட்டுவிட்டுக் கவுண்டரைப் படிக்கப் பழகினால் பாதிச் சண்டை தீரும். ஒரு சின்னச் சம்பாஷணை:

"அண்ணே, பச்சைதான் எரியுது. ஆனா பெக்ஸ் போகலன்னு மெனேஜர் சேர் கத்துறாரு."

"கவுண்டரக் கிளியர் பண்ணிட்டுப் போய் ஒரு டீ குடிச்சிட்டு வா தம்பி. வந்து ஸ்லிப் எத்தனைன்னு சொல்லு."

அவ்வளவுதான் நோய் அறிதல். பெரும்பாலான பெட்டிகள் 15 நிமிடத்துக்கு ஒரு கட்டம் என்று கடைசி 24 மணித்தியாலத்துக்கு 96 கட்டங்கள் வைத்திருக்கும். அந்த அட்டவணையை மேலிருந்து கீழே ஓட்டிப் பாருங்கள். ஸ்லிப் எல்லாக் கட்டத்திலும் ஏறக்குறைய ஒரே எண்ணிக்கையில், வெயிலானாலும் மழையானாலும், நள்ளிரவிலும் காலையிலும் சீராக விழுந்திருந்தால் அது கிளாக், வேறெதுவும் இல்லை. இயற்கையில் வரும் கோளாறுக்கு அந்த ஒழுங்கு கிடையாது. மாறாகப் பின்னேரம் மூன்றிலிருந்து ஐந்துக்குள் நாலைந்து கட்டத்தில் மட்டும் பிழை குவிந்து, மற்றவை எல்லாம் 0 என்றால் அது வானம். மலைநாட்டில் ஏப்ரலிலும், ஒக்டோபர் நவம்பரிலும் பின்னேர இடிமழை எப்படி இறங்கும் என்று யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை.

பனிமூட்டத்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். நானுஓயாவிலும் ஹப்புத்தளையிலும் டவர் கண்ணுக்கே தெரியாமல் மூடிக்கொண்டால் "லிங்க் போச்சு" என்று முடிவு கட்டுகிறவர்கள் உண்டு. 7, 8 கிகாஹெர்ட்ஸில் ஓடும் நீண்ட மைக்ரோவேவ் லிங்குக்கு மூட்டம் ஒரு பொருட்டே இல்லை. அதன் நீர்த்துளிகள் அந்த அலைநீளத்துக்கு முன் ரொம்பப் பொடியானவை. கனமழைதான் எதிரி, அதுவும் முக்கியமாக 10 கிகாவுக்கு மேலே, 15, 18, 23 என்று போகும் குட்டை லிங்குகளுக்கு.

எச்சரிக்கை விளக்குகளும் ஏதோ சொல்லத்தான் செய்கின்றன, படிக்கத் தெரிந்தால். சிக்னலே இல்லை என்றால் நம் கேபிளையும், லைன் வந்து இறங்கும் மோடத்தையும் பாருங்கள். ஏஐஎஸ் என்று வந்தால், அதாவது வெறும் 1 மட்டுமே ஓடிவந்தால், நடுவில் இருக்கும் ஏதோ ஒரு பெட்டி "எனக்கு மேலே லைன் செத்துவிட்டது, நான் உயிரோடு இருக்கிறேன்" என்று சொல்கிறது. நம் கேபிளை ஆட்டுவதில் புண்ணியமில்லை. ஆர்ஏஐ வந்தால் மற்றப் பக்கத்துக்கு நாம் பேசுவது கேட்கவில்லை, அப்போது பார்க்க வேண்டியது நாம் அனுப்பும் சோடியை. நுவரெலியா எக்ஸ்சேஞ்சுக்கு முறைப்பாடு சொல்லும்போது "லைன் வேலை செய்யல" என்பதற்குப் பதிலாக இந்த மூன்றில் எது என்று சொல்லிப் பாருங்கள், அங்கே இருப்பவர் குரலே மாறும்.

அதே தொலைபேசி உரையாடலில் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டிய இன்னொன்று சிஆர்சி4. இது போட்டிருந்தால் வினாடிக்கு 1000 துண்டுகளாக ஈ1 முழுவதும் சரிபார்க்கப்படும். போடாவிட்டால் ஒன்றுவிட்ட பிரேமில் வரும் 7 பிட் அடையாளத்தை மட்டுமே பெட்டி பார்க்கும். அதாவது 512 பிட்டுக்கு 7 பிட். மற்ற இடத்தில் பிழை நடந்தாலும் அதற்குத் தெரியாது. ஒரு பக்கம் போட்டு மறுபக்கம் போடாவிட்டால் சில பெட்டிகள் தாங்களே இறங்கி வந்து சமாளிக்கும், சிலது அலாரம் அடித்துக்கொண்டே நிற்கும், இன்னும் சிலதில் ஒரு முனை பச்சை, மறுமுனை சிவப்பு. எனக்குக் கேட்டால் இரண்டு பக்கமும் ஒத்துக்கொண்டு போடுவதே நல்லது. எக்ஸ்சேஞ்சில் இருப்பவர் சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ பேசுவார், அது பிரச்சினை இல்லை, "கிளாக் எக்க தென்னே கவுத?" என்று ஆரம்பித்தாலே கிளாக்கைக் கொடுப்பது யார் என்கிற கேள்வி அவருக்குப் புரிந்துவிடும், மீதியெல்லாம் இரண்டு மொழியிலும் ஒரே சொற்கள்தான்.

கம்பி, லைன் கோட், கிளாக் என்கிற கீழ்த்தளம் இப்படிச் சுத்தமான பிறகுதான் சிக்னலிங்கைத் தொட வேண்டும். ரொம்பப் பேர் தலைகீழாகச் செய்கிறார்கள்: கோல் போகவில்லை என்றதும் எந்த எண்ணை எங்கே அனுப்புவது என்கிற டயல் பிளானுக்குள் நேரே இறங்கிவிடுகிறார்கள். பிஆர்ஐ, அதாவது ஈ1இல் வரும் ஐஎஸ்டிஎன் இணைப்பு என்றால் 16ஆவது டைம்ஸ்லொட்டில் டி-சேனல் ஓடுகிறது, முப்பது பேச்சுச் சேனலுக்கும் அதுதான் மூளை. சிஸ்கோவில் "பிஆர்ஐ-குரூப் டைம்ஸ்லொட்ஸ் 1-31" என்று கொடுத்ததும் 15 என்ற வாலோடு ஒரு சீரியல் இன்டர்பேஸ் தானாக முளைக்கும். 16 எங்கே என்று தேட வேண்டாம், அங்கே எண்ணிக்கை 0இலிருந்து தொடங்குகிறது. சுவிட்ச் வகை யூரோ ஐஎஸ்டிஎன், அதாவது "நெட்5". இதில் ஒரு பக்கம் "நெட்வேர்க்", மறுபக்கம் "யூசர்" என்று இருக்க வேண்டும். எக்ஸ்சேஞ்ச் எப்போதும் நெட்வேர்க், நாம் யூசர். இரண்டு பேரும் யூசர் என்றால் இணைப்புக் கேட்டுக்கேட்டே காலம் போகும், டி-சேனல் இணைப்பு என்கிற இரண்டாம் தளம் எழவே எழாது.

முப்பது சேனலும் வாடகைக்கு எடுக்காதவர்களுக்கு ஒரு வார்த்தை. பத்து சேனல் மட்டும் வாங்கியிருந்தால் 1 முதல் 10 வரையும் 16ஐயும் மட்டுமே திறக்க வேண்டும். எல்லாவற்றையும் திறந்து வைத்து, நம் பெட்டி 31இலிருந்து கீழ்நோக்கிச் சேனல் தேடினால் முதல் கோலே "கேட்ட சேனல் இல்லை" என்று 44ஆம் இலக்கக் காரணத்தோடு திரும்பி வரும். முழுமையாக வாங்கியவர்கள் மட்டும், எக்ஸ்சேஞ்ச் கீழிருந்து மேலே தேடுகிறதென்றால், தங்கள் பெட்டியை மேலிருந்து கீழே தேட விட வேண்டும். நுவரெலியாவில் ஏப்ரல் சீசனில் ஹோட்டல் லைன்கள் நிரம்பி வழியும்போது உள்ளே வரும் கோலும் வெளியே போகும் கோலும் ஒரே சேனலில் முட்டிக்கொள்வதை இது நன்றாகக் குறைக்கும்.

எண்களிலும் ஒரு கண்ணி உண்டு. நாம் டயல் செய்யும்போது 051, 052, 055, 057 என்று 0 போட்டு 10 இலக்கம். பிஆர்ஐயில் எண்ணின் வகையை "தேசிய" என்று குறித்தால் அந்த 0 இல்லாமல் 9 இலக்கம் போக வேண்டும். "தெரியாத வகை" என்று விட்டால் 0 சேர்த்துப் போக வேண்டும். இரண்டையும் கலந்து, தேசிய வகை என்று குறித்து 0ஐயும் அனுப்பினால் 28ஆம் இலக்கக் காரணம் வரும், எண்ணின் வடிவம் தவறு என்று. உள்ளே வரும் கோலில் எத்தனை இலக்கம் தருவார்கள் என்பது ஒப்பந்தத்தைப் பொறுத்தது, ஊகிக்காமல் கேட்டுவிடுங்கள்.

எக்ஸ்சேஞ்சுக்கும் நமக்கும் நடுவில் யார் யார் இருக்கிறார்கள் என்பதையும் மறக்கக்கூடாது, தோட்டப் பக்கம் இதுதான் விசேஷம். டவுனில் இருந்து ஈ1 நேரே கோஎக்ஸில் வராது. செம்புச் சோடியில் எச்டிஎஸ்எல் அல்லது எஸ்எச்டிஎஸ்எல் மோடம் வழியாக வரும், அல்லது மலைக்கு மலை மைக்ரோவேவில் தாவி வரும். அந்த மோடத்துக்கும் கிளாக் செட்டிங் உண்டு! நம் பக்க மோடம் லைனிலிருந்து கிளாக் எடுக்காமல் "இன்டர்னல்" என்று கிடந்தால், நாம் பெட்டியில் எவ்வளவு ஒழுங்காக "லைன்" என்று போட்டாலும் பிடிப்பது அந்த மோடத்தின் கிரிஸ்டலைத்தான். இடியில் எரிந்த மோடத்தை அவசரத்தில் மாற்றிவிட்டுப் போன பிறகு பெக்ஸ் முறைப்பாடு தொடங்கினால் முதலில் அங்கே பாருங்கள். எர்த்தும் அப்படித்தான், பாறை நிலத்தில் நல்ல எர்த் கிடைப்பதே கஷ்டம், ஆளுக்கொரு எர்த்தில் இருக்கும் இரண்டு கட்டடங்களைக் கோஎக்ஸின் மேலுறை இணைத்துவிட்டால் மின்னல் நேரத்தில் அதுவே பாதையாகிவிடும். வாங்கும் பக்க மேலுறையை எர்த்தோடு சேர்ப்பதா, விடுவதா என்று பல கார்டுகளில் ஜம்பர் வைத்திருப்பது அதற்குத்தான்.

அப்புறம், செட்டிங்கைச் சேமியுங்கள். 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் போன காலத்தில் பேட்டரி வடிந்து நின்ற பெட்டிகள் எத்தனையோ. ஓடும்போது சரிசெய்து, நினைவகத்தில் எழுதாமல் விட்ட கிளாக் வரி, கரண்ட் திரும்பி வரும்போது வராது. மற்றதெல்லாம் வரும், விளக்கும் பச்சையாக வரும்.

இப்போது டவர்களுக்கு நடுவே ஓடுவதெல்லாம் ஐபியாக மாறிவருகிறது. பழைய மைக்ரோவேவில் 4, 8, 16 ஈ1 என்று அப்படியே போனபோது கிளாக்கும் கூடவே சவாரி செய்தது, யாரும் அதைத் தனியாக நினைக்க வேண்டியிருக்கவில்லை. ஐபி பக்கெட்டுக்குள் ஈ1ஐப் பொதிந்து அனுப்பும்போது பிட்டுகள் வரும், நேரம் வராது. பக்கெட்டுகள் வரும் வேகத்தைச் சராசரி பார்த்து மறுமுனை நேரத்தை ஊகிக்க வேண்டும், அல்லது சின்க்-ஈ, 1588 போன்றவற்றால் நேரத்தைத் தனி வழியில் கொடுக்க வேண்டும். ஊகிக்கும் முறையில் லிங்கில் நெரிசல் கூடும் நேரங்களில் கிளாக் கொஞ்சம் ஆடும். அப்போது அந்த 96 கட்ட அட்டவணையில் மூன்றாவது வகைக் கோலம் ஒன்று தெரியும்: பகலில் எல்லாம் 0, எல்லோரும் போனைக் கையில் எடுக்கும் இரவு எட்டு ஒன்பதுக்கு மட்டும் ஸ்லிப். மழையும் இல்லை, நம் செட்டிங்கும் இல்லை. இதை எக்ஸ்சேஞ்சில் சொல்லும்போது நேரத்தோடு எழுதிக் கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் அவர்கள் காலையில் சோதித்துவிட்டு "லைன் ஓகே" என்பார்கள்.

பைபர் வந்த இடங்களில் பிஆர்ஐயையே எடுத்துவிட்டு ஐபி வழியாகப் பேச்சு ஓடும் சிப் டிரங்க் (SIP trunk) கொடுக்கிறார்கள். பழைய பிஏபிஎக்ஸைத் தூக்கிப் போட மனமில்லாதவர்கள், காசும் இல்லாதவர்கள், நடுவில் சிப்பை ஈ1ஆக மாற்றும் ஒரு கேட்வே வைத்து அதிலிருந்து பிஏபிஎக்ஸுக்கு ஒரு மீட்டர் கேபிளில் ஈ1 கொடுக்கிறார்கள். இங்கே பழக்கதோஷத்தில் கேட்வேயையும் "யூசர், லைன்" என்று அமைத்தால் எதுவும் ஓடாது, ஏனென்றால் இதுவரை எக்ஸ்சேஞ்ச் செய்த வேலையை இனிச் செய்ய வேண்டியது கேட்வேதான்: அதுவே நெட்வேர்க், அதுவே கிளாக் கொடுக்கும். பிஏபிஎக்ஸ் பக்கம் ஒரு எழுத்தைக்கூட மாற்ற வேண்டியதில்லை. கேட்வேயின் கிரிஸ்டல் சாதாரணமானதுதான், இருந்தாலும் அந்த ஒரு மீட்டரில் இருப்பது ஒரே கிளாக் என்பதால் ஈ1இல் ஸ்லிப் வராது. பெக்ஸ் அதற்குப் பிறகும் பாதியில் அறுந்தால் ஈ1 போர்ட்டை விட்டுவிட்டுக் கேட்வேயில் ஐபி வழியாகப் பெக்ஸ் அனுப்பும் முறையான டி.38 திறந்திருக்கிறதா என்று பாருங்கள்.